மகாராணியின் புதுச் செருப்பு

மகாராணிக்குப் புதுச் செருப்பு வந்து இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதைப் படிக்காதவர்கள் குழம்ப வேண்டாம். மகாராணி என்பது என் மாமனாரின் பழைய கார். செருப்பு என்பது அதன் டயர். எங்கள் வீட்டில் எதையும் அதன் சொந்தப் பெயரால் கூப்பிடும் வழக்கம் கிடையாது.

என் மகளுக்குப் பெயர் வாலு. மூன்றாம் வகுப்பு படிக்கிறது. என் நாத்தனார் குட்டி. எனக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி.

பொய்யாக வைத்த பெயர் இல்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திருகிப் பார்ப்பேன். யாராவது பலூன் ஊதினால் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். லிஃப்டில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வேன். இந்த வீட்டில் என் பயம்தான் எல்லோருக்கும் பொழுதுபோக்கு. குட்டி ஒருத்திதான் நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை ஒருநாள்கூட அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. "வீட்டுல யாராவது ஒருத்தர் பயப்படணும்ல? அந்த வேலைய அண்ணி பாக்கறாங்க. உங்களுக்கு என்ன?" என்று தன் அப்பாவிடமே சண்டைக்குப் போனவள் அவள்.

அவளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையும் பழைய கார் பைத்தியம். மாமனாரும் மருமகனும் போனில் பேசினால் கார்புரேட்டரைத் தவிர வேறு பேச்சு வராது. அவர்கள் இருப்பது மலைமேல். இன்று இரண்டு மணிக்கு இங்கிருந்து மகாராணி கிளம்ப வேண்டும், அங்கிருந்து அவர்கள் கார் கிளம்ப வேண்டும், பாதி மலையில் சந்தித்து இரண்டு கார்களும் ஊர்வலமாக மேலே போக வேண்டும். இதுதான் திட்டம். மாமா ஓட்டுவார். பின்சீட்டில் வாலு. நானும் இவரும் நாளைக்கு பஸ்ஸில் போகிறோம். எனக்குக் கடையில் வேலை, இவருக்குப் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு.

அந்தப் பின்சீட்டில் பெல்ட் கிடையாது. அந்தக் காலத்துக் காரில் அதெல்லாம் வைக்கவே இல்லை. மலைப்பாதையில் வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. நேற்று ராத்திரி நான் தூங்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

காலையில் எல்லோரும் ஷெட்டில் நின்று வேடிக்கை பார்த்தோம். மகாராணி ஜொலித்தாள். உருண்டை முகம், வெள்ளிப் பட்டை, நாலு சக்கரத்திலும் வெள்ளை வளையம் போட்ட டயர். அந்த வெள்ளை வளையத்துக்காக இவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடையில் கிடைத்த நல்ல புது டயரையெல்லாம் மாமா வேண்டாமென்று தள்ளிவிட்டார். "மொத்தமும் கறுப்பா? லாரிக்குப் போடறத எங்கிட்ட காட்டாத" என்றார். இவர் டிராயிங் மாஸ்டர். எதையும் கண்ணால் எடைபோடுகிறவர். பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, அதே வளையம், தரையில் பதியும் அதே பட்டன் வரிசை எங்கே கிடைக்கும் என்று மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் எப்போதோ மூடிப்போன ஒரு டயர்க் கடையின் கிடங்கில் கண்டுபிடித்தார். காகிதம் சுற்றியபடி, ஸ்டிக்கர்கூட கிழியாமல்.

"ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர்ப்பா" என்றார் இவர். இது பத்தாவது தடவை. "காத்தும் நல்லா கல்லு மாதிரி அடிச்சு வெச்சிருக்கேன்."

மாமா குனிந்து வெள்ளை வளையத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். அது போதும் இவருக்கு. அப்பாவிடமிருந்து ஒரு 'சபாஷ்' வாங்க நாற்பது வயதிலும் ஏங்குகிற மனிதர். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. இருந்தாலும் என் புத்தி சும்மா இருக்குமா? டயரின் ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். நகம்தான் வளைந்தது.

"ஏங்க, இது ரொம்பக் கெட்டியா இல்ல?"

"டயர்னா கெட்டியாத்தான் இருக்கும். தலையணையா?"

"புது டயர்னா ஒரு ரப்பர் வாசனை அடிக்குமே. இதுல ஒண்ணுமே இல்லியே..."

"மோந்து வேற பாத்தியா?"

"அம்மா டயர மோந்து பாத்துட்டா! அம்மா டயர மோந்து பாத்துட்டா!" என்று வாலு ஷெட்டைச் சுற்றிக் குதித்தது.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. கம்பீரமாக என்னைப் பார்த்தார். "இங்க பாரும்மா. முப்பது வருஷம் ரயிலுக்குப் பின்னால நின்னவன் நான். ஒரு பயணிக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. என் பேத்திக்கா விழ விடுவேன்?"

மாமா ரயிலில் கார்டு. ரிடையராகிப் பல வருஷம் ஆகியும் கூடத்து ஆணியில் அவருடைய பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, விசில் மூன்றும் தொங்குகின்றன. கடைக்குக் காய் வாங்கக் கிளம்பினாலும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்புவார். ஒரு நிமிஷம் முன்னாலும் போக மாட்டார், பின்னாலும் போக மாட்டார்.

நான் வேலைக்குக் கிளம்பும்போது குட்டி போன் பண்ணினாள். "அண்ணி, கவலப்படாதீங்க. பாதி வழியில நானே வந்து வாலுவ வாங்கிக்கறேன். எங்க வண்டியும் இன்னைக்குப் புது மாப்பிள்ளை மாதிரி நிக்குது, வந்து பாருங்க!" அவள் குரலைக் கேட்டதும் மனது கொஞ்சம் அடங்கியது.

கொஞ்சம்தான்.

*

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். பத்து வருஷமாக மாத்திரை அட்டையைப் பின்பக்கம் திருப்பித் தேதி பார்த்துப் பார்த்து, வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பின்பக்கம்தான் முதலில் பார்ப்பேன்.

கூட்டம் குறைந்த நேரத்தில் ஒருவர் வந்தார். கையில் குழந்தைகளுக்கான இருமல் சிரப்.

"இது வீட்டுல இருந்துச்சும்மா. பையனுக்கு ராத்திரியெல்லாம் இருமல். குடுக்கலாமா?"

திருப்பினேன். தேதி எப்போதோ தாண்டியிருந்தது. "குடுக்காதீங்க. வேற தரேன்."

"சீலே உடைக்கலியேம்மா! புத்தம் புதுசு. நல்லா பாருங்க."

இதற்கு நான் சொல்லும் பதில் மனப்பாடம். தினம் நாலு பேருக்காவது சொல்கிறேன். இன்றைக்கும் வாய் அது பாட்டுக்குச் சொன்னது. "நீங்க தொறக்கலைன்னா என்னங்க? உள்ள அதுக்கு வயசாயிட்டேதான் இருக்கும். மேல பளபளன்னு இருக்கேன்னு குழந்தைக்குக் குடுத்துடாதீங்க."

சொல்லி முடித்தேன். அவர் ஏதோ கேட்டார். என் காதில் விழவில்லை.

ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர். காகிதம் சுற்றிய டயர். எப்போதோ மூடிப்போன கடை.

எப்போது மூடிப்போன கடை?

முதலாளியிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. வெள்ளைக் கோட்டோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன்.

தெருக்கோடியில் ஒரு டயர்க் கடை. பத்து வருஷமாக அதைத் தாண்டிப் போகிறேன், உள்ளே ஏறியதில்லை. காற்று அடிக்கும் மிஷின் போடும் சத்தம் எனக்கு ஆகாது. முதலாளியம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு போனில் யாரையோ விளாசிக்கொண்டிருந்தார். என் கோட்டைப் பார்த்ததும் போனை வைத்தார்.

"யாருக்கு என்னம்மா? ஆஸ்பத்திரியிலேருந்தா?"

"இல்லீங்க. டயருக்கு எக்ஸ்பயரி தேதி உண்டா?"

அந்தம்மா சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"எக்ஸ்பயரி போட மாட்டாங்க. பொறந்த தேதி போடுவாங்க. இங்க வாங்க." ஒரு டயரை உருட்டி வந்து ஓரத்தில் இருந்த எழுத்துகளில் விரலை ஓட்டி, கடைசி நாலு எண்ணில் நிறுத்தினார். "முதல் ரெண்டு எண் எத்தனாவது வாரம்னு. அடுத்த ரெண்டு எந்த வருஷம்னு. அவ்வளவுதான்."

"ஓடவே இல்லைன்னா? சும்மா கிடங்குலயே இருந்திருந்தா?"

"பட்டன் தேயாது. ஆனா ரப்பர் காயுமே. உள்ள ஒட்டெல்லாம் விட்டுடும். பாக்க ராஜா மாதிரி இருக்கும், வேகத்துல சூடு ஏறினா தோலை உரிச்சுட்டுப் போயிடும். ஆறு வருஷம் தாண்டின டயர என் வண்டிக்குப் போட மாட்டேன். பத்து தாண்டினா, எனக்குப் பிடிக்காதவன் வண்டிக்கும் போட மாட்டேன்."

"மாமனாரோடது பழைய கார். அதுக்கு என்ன டயர்தான் போடறது?"

அந்தம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கட்டை விரலில் தொடங்கி விரல்விட்டுச் சொன்னார். "முதல்ல அளவு. பழைய டயர்ல எழுதியிருக்கறதையோ கார் புத்தகத்தையோ பாருங்க, கண்ணளவு கூடாது. அப்புறம் அந்தக் கார் கனம் தாங்குமான்னு டயர்லயே குறியீடு இருக்கும். அந்தக் காலத்து வண்டியெல்லாம் இரும்பு, கனம் ஜாஸ்தி. நாலும் ஒரே ரகமா இருக்கணும். முன்னால ரேடியல், பின்னால பழைய ரகம்னு கலந்தீங்க, வளைவுல வண்டி உங்க பேச்சு கேக்காது. டியூப் போடற சக்கரம்னா டியூபும் புதுசு. ஸ்டெப்னிய மறந்துடாதீங்க, எல்லாரும் மறக்கறது அதைத்தான்."

"வெள்ளை வளையம்?"

"ஆர்டர் பண்ணினா வரும். இப்ப புதுசாவே செய்யறாங்க. ஒரு மாசம் பொறுக்கணும். மொத்தமும் கறுப்பு போதும்னா நாளைக்கே மாட்டித் தரேன். எழுதிக்கட்டுமா?" பேனாவைத் திறந்துவிட்டார்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. நம்மைப் பயமுறுத்தி வியாபாரம் பார்க்கிறாரோ? என்னைப் பயமுறுத்துவது என்ன பெரிய காரியமா? வாசலில் பலூன் விற்கிறவனே செய்வான். இதை நம்பி வீட்டில் போய்ச் சொன்னால் ஆயுசுக்கும் கேலிதான். எனக்கு வேண்டியது அந்த எண். என் கண்ணால் பார்க்க வேண்டும்.

இவருக்கு அடித்தேன். வகுப்பில் இருந்தார் போலிருக்கிறது, எடுக்கவில்லை. வீட்டுப் போனுக்கு அடித்தேன். வாலு எடுத்தது.

"தாத்தா ஹாரன் அடிச்சுப் பாக்கறாரும்மா! கேக்குதா?"

"கண்ணு, போனைக் கீழ வெச்சுட்டு ஓடிப்போய் டயர்ல என்ன எழுதியிருக்குன்னு எல்லாத்தையும் பாத்துட்டு வா. எண் எல்லாம்."

போனது. வந்தது. மூச்சு வாங்க ஒப்பித்தது. டயரின் அளவு. கம்பெனி பெயர். ஸ்டிக்கரில் ஒரு சிங்கம். வேறு எண் இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த முதலாளியம்மா உதட்டைப் பிதுக்கினார். "தேதி ஒரு பக்கம்தான் இருக்கும். வெள்ளை வளையம் வெளியில தெரியணும்னு மாட்டியிருப்பாங்க. தேதி உள்பக்கம் போயிருக்கும்."

"கண்ணு, காருக்கு அடியில..." என்று தொடங்கிவிட்டேன். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன காரியம் செய்யப் பார்த்தேன்! "வேண்டாம்! அடியில போகாத! கிட்டவே போகாத! அம்மா வரேன். தாத்தாகிட்ட சொல்லு, அம்மா வந்தப்புறம்தான் கிளம்பணும்னு."

"தாத்தா ரெண்டு மணிக்கு எடுத்துடுவாரும்மா. சிக்னல் குடுத்தாச்சாம்."

*

பஸ்ஸில் உட்காரவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நின்றால் பஸ் வேகமாகப் போகும் என்பது போல. கண்ணை மூடினால் மலைப்பாதை. கண்ணைத் திறந்தால் யாரோ ஒரு குழந்தை ஜன்னலோரம் ஐஸ்கிரீம் நக்குகிறது. பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா கூடத்தில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாலு தொப்பி போட்டுத் தயார். கடிகாரத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அந்தக் கடிகாரத்துக்கும் அவருடைய பிடிவாதத்துக்கும் இன்றைக்கு முதல் முறையாக நன்றி சொன்னேன்.

நேரே ஷெட்டுக்குப் போனேன். போனில் டார்ச்சைப் போட்டேன். காருக்கு அடியில் இருட்டு, எண்ணெய் நாற்றம், பல்லி ஒன்று ஓடியது. வேறு நாளாக இருந்தால் அலறியிருப்பேன். வெள்ளைக் கோட்டோடு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். என் மூக்குக்கு மேலே ஒரு டன் இரும்பு. இது இப்போது இறங்கினால்? பல்லைக் கடித்துக்கொண்டு பின்சக்கரத்தின் உள்பக்கம் வெளிச்சம் அடித்தேன்.

எழுத்துகள். எண்கள். கடைசியில் தேடிய இடத்தில் நாலு எண் இல்லை. மூன்றுதான் இருந்தது. நாலு, ஒன்று, ஆறு. பக்கத்தில் சின்னதாக ஒரு முக்கோணம்.

அப்படியே படுத்தபடி டயர்க் கடைக்குப் போன் போட்டேன். நல்லவேளையாக வரும்போது அந்தம்மா நம்பர் கொடுத்திருந்தார்.

"மூணு எண்தான் இருக்குங்க. முக்கோணம் ஒண்ணு இருக்கு."

அந்தம்மா மெதுவாகச் சொன்னார். "முக்கோணம்னா தொண்ணூறுகள்ல செஞ்சதும்மா. கடைசி எண் ஆறா? அப்ப தொண்ணூத்தாறு. எனக்கு விக்கவே வேண்டாம் போங்க. மொதல்ல அந்த வண்டிய யாரும் எடுக்காம பாத்துக்கங்க."

தொண்ணூற்றாறு. அந்த வருஷம் நான் மூன்றாம் வகுப்பு. இந்த டயர் பிறந்தபோது எனக்கு வாலுவின் வயது.

விரலால் டயரின் உள்பக்கத்தைத் தடவினேன். விரலெல்லாம் கறுப்பு பாலீஷ். பாலீஷ் போன இடத்தில் வெளிச்சம் அடித்தால், மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. மற்ற மூன்றையும் பார்த்தேன். அதே மூன்று எண். அதே முக்கோணம்.

வெளியே வந்தபோது இவர், அப்பாவை வழியனுப்ப வகுப்பு இடைவேளையில் பள்ளியிலிருந்து வந்து நின்றுகொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்னடி இது? கோட்டெல்லாம் கறுப்பு!"

மூச்சுவிடாமல் சொன்னேன். சிரப், டயர்க் கடை, முக்கோணம், வெடிப்பு. சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது.

"நான் அலைஞ்சு திரிஞ்சு அப்பாவுக்காக வாங்கினது. யாரோ டயர் விக்கறவ சொன்னாளாம், உடனே கண்டம்னு தூக்கிப் போட்டுடுவியா? அவ தொழில் அது!"

"ஏங்க, எண்ணைப் பாருங்க. நான் சொல்றத நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்க."

"பட்டனைப் பாரு! ஒரு இழை தேஞ்சிருக்கா? உனக்கு எதைப் பாத்தாலும் பயம். உன் பயத்துக்கு அப்பா ஆசைய பலி குடுக்கச் சொல்றியா?"

மாமா ஷெட்டுக்குள் வந்தார். வாலு பின்சீட்டில் தாவி ஏறியது. நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, இன்னைக்கு வேண்டாம். டயர் இருபத்தஞ்சு வருஷத்துக்கும் மேல பழசு."

"ஓடாத டயர்மா."

"ஓடலைன்னாலும் பழசுதான் மாமா. கொஞ்சம் கேளுங்க..."

"மணி ஆச்சு" என்றார். கதவைச் சாத்தினார். இன்ஜின் உறுமியது. இவர் கேட்டைத் திறக்கப் போனார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கத்தினால் யார் கேட்பார்கள்? பத்து வருஷமாகக் கத்திக்கொண்டுதானே இருக்கிறேன். கேஸ் அடுப்புக்குக் கத்தியவள், பலூனுக்குக் கத்தியவள், டயருக்கும் கத்துகிறாள், அவ்வளவுதான். நான் பயந்தது என் மகளுக்காக மட்டும் இல்லை. இத்தனை காலம் எல்லாவற்றுக்கும் பயந்து, உண்மையான பயத்தை வெளியே சொல்ல ஒரு குரல்கூட எனக்கு மிச்சமில்லையே என்றுதான் அந்த நிமிஷம் அழுகை வந்தது.

கூடத்துக்கு ஓடினேன். ஆணியிலிருந்து கையில் கிடைத்ததை உருவிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தேன். கார் கேட்டைத் தாண்டி முன்சக்கரத்தைத் தெருவில் வைத்துவிட்டது. நடுத்தெருவில் போய் நின்று, இரண்டு கையாலும் சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்தேன். கண்ணை மூடவில்லை.

கார் நின்றது.

நின்றது என்றால், அந்தக் கணமே. மாமாவின் கால் அவரைக் கேட்காமலே பிரேக்கில் போயிருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் சிவப்புக் கொடியைத் தாண்டியதில்லை அந்த மனிதர். யார் காட்டினார்கள், ஏன் காட்டினார்கள் என்று கேட்பது அவர் வேலையில் இல்லை. முதலில் நிற்க வேண்டும். கேள்வியெல்லாம் அப்புறம்.

இறங்கினார். என் முன்னால் வந்தார். ஸ்டேஷனில் பேசுகிற குரலில் கேட்டார். "என்ன காரணம்?"

"நாலு, ஒண்ணு, ஆறு. முக்கோணம். உள்பக்கம் வெடிப்பு. நாலு டயர்லயும்." எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். "சரி. வண்டிய ஷெட்டுக்குப் போடறேன். பாத்துட்டுப் பேசலாம்."

"வாலு இறங்கட்டும் மாமா."

"பத்தடிதானேம்மா."

"இறங்கட்டும்."

வாலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கியது. நான் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். இடுப்பில் வைக்கிற வயதா அது? வைத்துக்கொண்டேன். மாமா பின்னால் எடுத்தார். வாசல் சரிவில், சிமென்ட் விளிம்பில் பின்சக்கரம் ஏறியது.

படார்!

தெருவே திடுக்கிட்டது. காக்காய்கள் பறந்தன. வாலு என் கழுத்தை இறுக்கிக்கொண்டு வீறிட்டது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வெள்ளை வளையம் பாதி பிய்ந்து, கிழிந்த ரப்பரோடு தரையில் கிடந்தது. சிங்கம் போட்ட ஸ்டிக்கர் மட்டும் ஒன்றும் ஆகாமல் பளபளத்தது.

நடக்கிற வேகத்தில் இது. மலையில் என்றால்?

மாமா ஸ்டியரிங்கை விடவில்லை. இவர் போய்க் கதவைத் திறந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. வாசற்படியில் உட்கார வைத்தோம். வாலுவை இழுத்துத் தலையைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார் என்னைப் பார்த்து. அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

எனக்கு ஜெயித்த சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் இவர் இன்னும் அந்தக் கிழிந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏங்க, என்ன? அதான் ஒண்ணும் ஆகலியே. விடுங்க."

"அந்தக் கிடங்குல..." என்றார். "அந்தக் கிடங்குல எட்டு டயர் இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளை வண்டிக்கும் அதே சக்கரம். ஆசையா கேட்டாரு. நான்தான் லாரில போட்டு அனுப்பினேன். நேத்து மாட்டிட்டாங்க" என்றார் இவர்.

புது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது என்றாளே காலையில்.

கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி தாண்டிவிட்டது. இரண்டு தடவை தப்பான நம்பரை அழுத்தினேன். மூன்றாவது தடவை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள். காற்றுச் சத்தம், மாப்பிள்ளை ஏதோ பாட்டு முணுமுணுக்கிற சத்தம், ஹாரன்.

"அண்ணி! கிளம்பிட்டோம்! இப்பதான் இறக்கம் ஆரம்பிக்குது!"

"குட்டி, வண்டிய நிறுத்தச் சொல்லு! ஓரமா நிறுத்தச் சொல்லு, இப்பவே!"

"என்ன அண்ணி? கேக்கல..."

"டயர்! டயர் பழசு! வெடிச்சுடும்! நிறுத்துங்க!"

அவள் சிரித்தாள். பக்கத்தில் அவரிடம் ஏதோ சொன்னாள், அவரும் சிரித்தார்.

"புத்தம் புது டயர் அண்ணி, ஸ்டிக்கர்கூட இன்னும் பிரிக்கல. உங்களுக்காக நான் எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருப்பேன்! அவங்க சொல்றது சரிதான் போலருக்கு." அவள் குரலில் அத்தனை பிரியம். "நீங்க நெஜமாவே பயந்தாங்கொள்ளிதான்."

லைன் கட்டாகிவிட்டது. நான் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தேன்.